சோதனை முகம்

புது லேப்டாப் ஒன்றைத் திறந்ததும் நாமெல்லாம் என்ன செய்வோம்? வேகம் எப்படி, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்ப்போம். காந்திமதி ஒரு வாழைப்பழத்தைத் தேடுவாள். பழம் என்றால் படம்தான். நன்றாகப் பழுத்து, தோலில் ஒன்றிரண்டு புள்ளி விழுந்த பூவன் பழம். அதைத் திரையில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். "கொஞ்சம் காயா இருக்கே" என்பாள். பச்சை ஓர் இழை கூடிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் வானம், நாற்றங்கால், கடைசியாக இட்லி. இட்லியில் நீலம் பாய்ந்திருந்தால் போச்சு, அந்தத் திரையை அவள் தொழிற்சாலையை விட்டு வெளியே விடமாட்டாள்.

ஒரகடத்துப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியில் திரையின் தரம் பார்க்கும் பிரிவுக்கு அவள்தான் தலைமை. அளக்கிற கருவிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கருவி அளவைச் சொல்லுமே தவிர, பார்க்கிறவன் மனசுக்கு ஒப்புமா என்று சொல்லாது. வாழைப்பழ மஞ்சள் என்றால் நம் எல்லார் நினைப்பிலும் ஒரு நிறம் உட்கார்ந்திருக்கிறது. திரை அதோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் கருவி நூற்றுக்கு நூறு போட்டாலும் வாங்கினவன் முகத்தைச் சுளிப்பான். அந்த நினைப்பு நிறத்தைப் பிடிப்பதில் காந்திமதியை அடிக்க ஆளில்லை. அவள் வேலை பார்த்த அறையில் சுவர், கூரை, தரை எல்லாம் சாம்பல். உள்ளே போகிறவர்களும் சாம்பல் அங்கி மாட்டிக்கொள்ள வேண்டும், சேலைச் சிவப்புகூடத் திரையில் விழுந்து கண்ணை ஏமாற்றிவிடும். பெண்கள் நெற்றிப் பொட்டை எடுத்து வாசல் கண்ணாடியில் ஒட்டிவிட்டுத்தான் போவார்கள். சாயங்காலம் தன்னுடையது எது என்று தெரியாமல் மாற்றி எடுத்து ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு.

அந்த வருஷம் வந்த புது மாடல்தான் எல்லாவற்றையும் கிளறிவிட்டது. இதுவரை திரை எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் காட்டிக்கொண்டிருந்தது. இது அப்படியில்லை, பார்க்கிறவர் கண்ணைப் படித்து அதற்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொள்ளும். இந்தப் புத்தியை அதற்குள் வைத்தவள் ரிஸ்வானா. வாணியம்பாடிக்காரி, முப்பது வயசு, பெங்களூர் கிளையிலிருந்து புதிதாக வந்தவள். காந்திமதியை உட்கார வைத்து விளக்கினாள்.

"ஒண்ணு பிடிச்சுதுன்னா நம்ம கண்ணுப் பாப்பா லேசா விரியும் மேடம். பிடிக்கலன்னா சுருங்கும். இல்ல, பார்வை நைசா வேற பக்கம் நழுவிடும். நமக்கே தெரியாது. இந்த கேமரா அதைப் பாத்துட்டே இருக்கும். திரை நிறத்த ஒரு இழை கூட்டிப் பாக்கும், ஒரு இழை குறைச்சுப் பாக்கும். எங்க கண்ணு நிக்குதோ அதை வெச்சுக்கும்."

"வாங்கினவங்க கண்ணே எல்லாம் செஞ்சுக்கும்னா அப்புறம் நான் எதுக்கு?"

"முதல் நாள்லயே பாக்க நல்லா இருக்கணும்ல. அதுக்கு ஒரு கண்ணு ஆரம்பிச்சு வைக்கணும். அதுலேருந்து அவங்கவங்க கண்ணுக்குத் தக்கன மாறிக்கும்."

காந்திமதிக்குச் சிரிப்பு வந்தது. அவள் பிறந்த அம்பாசமுத்திரத்தில் பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை நல்லவர் யாராவது ஒருவர்தான் தொட்டு வைப்பார். அதற்குச் சேனை என்று பெயர். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். "லேப்டாப்புக்குச் சேனை வைக்கச் சொல்றீங்க" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பிரிவில் எல்லாரும் அந்த வேலையைச் சேனை என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். கண் யாருடையது என்ற கேள்வியே எழவில்லை. காந்திமதி இருக்கும்போது வேறு யார்?

மாதக்கணக்கில் அவள் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். பழங்கள், வயல், பட்டுச்சேலை, கடல் எல்லாம் முடிந்து கடைசியில் முகங்கள் வந்தன. கம்பெனி விலைக்கு வாங்கி வைத்திருந்த முகங்களை அவள் ஒதுக்கிவிட்டாள். யாரோ முகம் தெரியாத ஆளின் அசல் நிறம் தனக்கு எப்படித் தெரியும்? தினமும் பார்த்துப் பழகிய முகமாக இருந்தால்தானே திரை தப்புச் செய்கிறதா என்று கண் சொல்லும்? அவள் தொழிலில் அது நியாயமான பேச்சுதான். அதனால் வெளுத்த முகத்துக்குத் தன் அண்ணன் படத்தைப் போட்டாள். மாநிறத்துக்கு ஒரு சித்தி. கறுப்பு முகத்துக்குத் தன் ஒரே மகள் அல்லியின் படம். வீட்டுப் பிள்ளை பேர் கம்பெனிக் கணினியில் எதற்கு என்று எல்லாவற்றுக்கும் 'சோதனை முகம்' என்று மட்டும் பெயர் வைத்தாள்.

அல்லி அப்பாவைக் கொண்டு பிறந்தவள். நம்பிராஜன் நல்ல கறுப்பு. காந்திமதியோ ஊரில் 'செவத்தபுள்ள' என்று பேர் வாங்கினவள். இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது, நிறத்தில் என்ன இருக்கிறது என்று சண்டை போட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தச் சண்டை அவளுக்குப் பெரிய வசதியாகப் போயிற்று. நிறம் பார்க்கிற புத்தி தனக்குக் கிடையாது என்பதற்கு அதுவே ஆயுள் முழுவதற்கும் போதும் என்று இருந்துவிட்டாள். அல்லி வயிற்றில் இருந்தபோது பாலில் குங்குமப்பூ போட்டுக் குடித்தது உடம்புக்கு நல்லது என்று. கடலைமாவு தேய்த்துக் குளிப்பாட்டியது சோப்பு ஒத்துக்கொள்ளாது என்று. ஜவுளிக்கடையில் பிள்ளை ஆசையாக எடுத்த ரோஸ் நிறப் பாவாடையை "இது உனக்கு எடுக்காதும்மா" என்று மடித்து வைத்தது, நிறம் தெரிந்தவள் சொல்கிற ஆலோசனை. யாராவது அல்லியின் நிறத்தைப் பற்றி வாய் திறந்தால் "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று முந்திக்கொண்டு சொல்வதும் அவள்தான். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான்.

வேலை முடிந்து, முதலில் செய்த சில நூறு லேப்டாப்புகளைப் பரிசோதனைக்காக வீடுகளுக்குக் கொடுத்தார்கள். காந்திமதிக்கு ஒன்று, அல்லிக்கு ஒன்று. அல்லி அப்போது மண்டபம் என்கிற கடற்கரை ஊரில் கடல்பாசி ஆராய்ச்சியில் இருந்தாள். பகல் முழுக்க இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்று பாசிக் கயிறுகளைப் பார்க்கிற வேலை. அதற்கு முன்பெல்லாம் அவள் வீடியோவில் கூப்பிட்டால் காந்திமதி போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டே பேசுவாள். புது லேப்டாப் வந்தபிறகு கீரை கிடந்த இடத்தில் கிடந்தது. உட்கார்ந்து, மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு, சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதைத் தாண்டிக் கடலைப் பற்றி, அலையைப் பற்றி, அல்லிக்கு அங்கே கிடைத்த சிநேகிதிகளைப் பற்றியெல்லாம் கேட்டாள். நம்பிராஜன்கூட, தாயும் மகளும் அப்படி என்ன பேசுகிறீர்கள் என்று கேலி செய்தார்.

"மண்டபம் தண்ணி உனக்கு ஒத்துக்கிட்டுதுட்டி. மூஞ்சில ஒரு தெளிச்சி வந்திருக்கு" என்றாள் ஒருநாள்.

அல்லி திரையை உற்றுப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "இருக்கட்டும்மா. இப்பல்லாம் நீ என்னைப் பாத்துப் பேசுற. அதுவே நல்லாருக்கு."

இந்தப் பிள்ளைக்கு என்ன பேச்சு, நான் எப்போது பார்க்காமல் பேசினேன் என்று காந்திமதி நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மனசு நிறைந்துதான் இருந்தது.

முதல் புகார் விருதுநகரில் கல்யாண ஆல்பம் போடுகிற ஒருவரிடமிருந்து வந்தது. திரையில் பார்க்கும்போது முகமெல்லாம் சரியாக இருக்கிறது, அச்சடித்தால் கறுத்துப்போகிறது, பெண் வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள் என்றார். அச்சு மை சரியில்லையோ என்றார்கள். இன்னும் இரண்டு இடத்திலிருந்து அதே புகார் வந்தது. காந்திமதி பேனல் என்கிற கண்ணாடிப் பலகையைச் செய்தவர்களைப் பிடித்துக் காய்ச்சினாள். பின்விளக்கில் குறை என்று அடித்துச் சொன்னாள். பலகையைக் கழற்றி மாட்டி வாரக்கணக்கில் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை.

கடைசியில் ரிஸ்வானாதான் கண்டுபிடித்தாள். காந்திமதியைத் தனியாகக் கூப்பிட்டுத் திரையில் ஒரு பழைய தேக்குக் கதவின் படத்தைப் போட்டாள். பக்கத்தில் ஓர் எருமை. அதற்குப் பக்கத்தில் அல்லி.

"மூணுலயும் ஒரே நிறம் வர்ற இடத்தக் குறிச்சிருக்கேன் மேடம். கதவு மாறல. எருமை மாறல. முகம் மட்டும் வெளுக்குது. அதுவும் மாநிறம் வரைக்கும் சும்மா இருக்கு, இந்த நிறத்துக்கு வந்தா மட்டும்தான். பேனல்ல குறைன்னா கதவும்தான வெளுக்கணும்?"

"அப்போ?"

"பேனல் இல்ல. சேனை."

ரிஸ்வானா தயங்கித் தயங்கி அடுத்ததைக் காட்டினாள். காந்திமதியின் கண் ஒவ்வொரு படத்திலும் என்ன செய்தது என்று இயந்திரம் வரைந்து வைத்திருந்த கோடுகள். வாழைப்பழத்தில் கோடு அமைதியாகப் போயிற்று. அண்ணன் முகத்தில் மேலே எழுந்தது. அல்லியின் படம் வந்த இடத்திலெல்லாம் சட்டென்று கீழே விழுந்தது.

"படம் வந்த ஒடனே கண்ணு சுருங்குது. அப்புறம் மூஞ்சிய விட்டுட்டுப் பின்னாடி செவுத்துக்குப் போயிடுது. திரை ஒரு இழை வெளுப்பாக்கினா திரும்பி வருது. இன்னும் வெளுத்தா வந்து நிக்குது. எத்தனை தடவை காட்டினாலும் இதேதான். அது அப்படியே கத்துக்கிச்சு." ரிஸ்வானா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். யாரு இந்தப் பொண்ணு? உங்களுக்கு ஆகாத யாராச்சுமா?"

காந்திமதிக்குக் காது இரண்டும் சுட்டது. அது என் மகள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"தெரியலம்மா" என்றாள். "வாங்கின படத்துல ஒண்ணு."

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தன் வாயில் என்ன வந்தது என்பதே உறைத்தது. கண் செய்ததற்காவது தெரியாமல் செய்தது என்று ஒரு சாக்கு இருந்தது. வாய்க்கு அதுவும் இல்லை. பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதே பிள்ளையின் படத்துக்கு முன்னால் சாம்பல் அங்கியோடு நின்றுகொண்டிருந்தாள். கழிவறைக்குப் போய் முகம் கழுவினாள். கண்ணாடியில் பார்க்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். காக்கை தன் குஞ்சைப் பார்ப்பதற்கு ஓர் இயந்திரம் வந்து நிறம் மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கு மேல் ஒன்று இருந்தது, அதுதான் அவளைப் படுக்க விடாமல் அறுத்தது. இந்த மாதங்களில் மகள் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாளே, அந்த முகம் மகளுடையது அல்ல. இருபத்து நாலு வருஷமாகக் கீரையையும் அடுப்பையும் சுவரையும் பார்த்துக்கொண்டே வளர்த்த பிள்ளைக்கு அது தெரிந்திருக்குமா? 'இப்பல்லாம் நீ என்னைப் பாத்துப் பேசுற.' தெரிந்திருந்தது. எப்போதிருந்து என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கூட்டத்தில் விஷயம் வேறு மாதிரி திரும்பியது. மேலாளர் பொன்னுரங்கம் புகார்களை ஒதுக்கிவிட்டார். பரிசோதனைக்குக் கொடுத்த வீடுகளில் பெரும்பாலானவர்களுக்கு இந்தத் திரைதான் பிடித்திருக்கிறது, பிடிக்காதவர் கண் அதைத் தானே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அப்படி மாற்றிய வீடுகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் என்றார். அச்சடிக்கிறவர்களுக்கு, திரை தானாகச் செய்கிற திருத்தத்தை அணைத்து வைக்கச் சொன்னால் போயிற்று.

"மேடம், உங்க கண்ணு ஊர்க் கண்ணு" என்று காந்திமதியைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் கேலி செய்யவில்லை. மனசாரத்தான் பாராட்டினார்.

இதை எடுத்துவிட வேண்டும் என்றாள் காந்திமதி. ஏன் என்று கேட்டார்கள். நன்றாக இல்லை என்றாள். யாருக்கு நன்றாக இல்லை என்று பொன்னுரங்கம் பொறுமையாகக் கேட்டார். பதில் அவளிடம் இருந்தது. மண்டபத்தில் ஒருத்திக்கு என்று சொன்னால், அடுத்த கேள்வி அவள் யார் என்பதாகத்தான் இருக்கும். காந்திமதி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். ரிஸ்வானா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள், இல்லாவிட்டால் இப்படியே வெளியே போகும் என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்பிராஜன் கறி வாங்கப் போன நேரம் பார்த்துக் காந்திமதி லேப்டாப்பைத் திறந்தாள். திருத்தத்தை அணைத்துவிட்டு அல்லியைக் கூப்பிட்டாள்.

முகம் வந்தது. வெயிலில் கருகிய முகம். மூக்கின் மேல் தோல் உரிந்து, நெற்றியில் உப்புப் பூத்து, முன்பைவிடக் கறுத்திருந்தது. காந்திமதி பார்த்தாள். பார்க்கத்தான் வேண்டும் என்று பிடிவாதமாகப் பார்த்தாள். ஆனாலும் என்ன கண் அது, அல்லிக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய வலைக்குப் போய்விட்டது. இழுத்துக்கொண்டு வந்தாள். மறுபடியும் போயிற்று. தன் கண் நழுவுவதை முதல்தடவையாகத் தானே பார்த்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அணைச்சிட்டியா?" என்றாள் அல்லி.

"எதட்டி?"

"திருத்தத்த."

காந்திமதி தலையை ஆட்டினாள். உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள்.

"மூஞ்சி தெளிஞ்சிருக்குன்னு சொன்ன பாரு, அன்னிக்குத்தான். இந்த வெயில்ல நான் எங்கம்மா தெளிய? மீன் மாதிரி காஞ்சுட்டிருக்கேன்."

"சொல்லியிருக்கலாம்லட்டி."

"சொன்னா நீ அணைச்சிருவ." அல்லி உரிந்த மூக்கைத் தடவிக்கொண்டாள். "அணைச்சா, திரும்பக் கீரை ஆயப் போயிருவ. சரி, யாரையோ பாத்தாவது எங்கிட்ட பேசுறாளேன்னு விட்டுட்டேன்."

காந்திமதி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டாள், ஆனால் அந்த வார்த்தை இதற்குப் போதாது என்று தெரிந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். மனுஷ மனசின் அற்பத்தனம் பாருங்கள், அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு சின்ன ஆசை. மகள் கண்ணும் தன்னை ஏதாவது மாற்றியிருக்காதா, சுருக்கத்தை மறைத்து, நரையை மறைத்து? அப்படியானால் இரண்டு பேரும் ஒன்றுதானே.

"உன்னோடதுல நான் எப்படி இருக்கேன்?" என்றாள். "உனக்கும் மாறியிருக்கும்ல?"

அல்லி தன் திரையில் அம்மா முகத்தைப் பார்த்தாள். "மாறித்தான் இருக்கு. அதை வெச்சுத்தான் எனக்கும் புரிஞ்சுது. பாக்குறியா?" என்று போனை எடுத்துத் தன் திரையைப் படம் பிடித்து அனுப்பினாள்.

காந்திமதி தன் போனில் அதைத் திறந்தாள். யாரோ ஒரு பெண். நரை அப்படியே இருந்தது, கண்ணுக்குக் கீழே சுருக்கம் அப்படியே இருந்தது, அவள் கட்டியிருந்த அதே பச்சைச் சேலை. முகம் மட்டும் நல்ல கறுப்பு. அல்லியின் கறுப்பு, ஓர் இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நிறத்தைக் கண்டுபிடிப்பதில் காந்திமதி தப்பு செய்ய மாட்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள் அல்லி மெதுவாக. "தானா கொஞ்சம் கொஞ்சமா அப்படி ஆயிடுச்சு. சின்ன வயசுல ஸ்கூல்ல யாராச்சும், அவங்க உன் அம்மாவான்னு ரெண்டு தடவை கேப்பாங்கல்ல. இதுல கேக்க மாட்டாங்க."

கறிப் பையோடு நம்பிராஜன் உள்ளே வந்து, என்ன ஆயிற்று, ஏன் அழுகிறாய் என்று பதறினார். காந்திமதி அவரைக் கையமர்த்தினாள். அல்லியிடம், வைத்துவிடாதே, இப்படியே கொஞ்சம் இரு என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். திருத்தம் அணைந்தே இருந்தது. அவள் கண் வலைக்குப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடியும் போயிற்று. ஒரு காலையில் சரியாகிவிடுகிற சங்கதியா அது? அல்லி அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காந்திமதி பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுச் சாம்பல் அறைக்குள் போனாள். சேனையை அழிக்க வேண்டும், தன் கண் இதற்கு லாயக்கில்லை, வேறு ஆட்களை உட்கார வைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ரிஸ்வானாவிடம் சொன்னாள். பொன்னுரங்கம் காரணம் கேட்பாரே என்றாள் ரிஸ்வானா. காரணத்தோடுதான் வந்திருக்கிறேன் என்று காந்திமதி போனை நீட்டினாள்.

ரிஸ்வானா படத்தைப் பார்த்தாள். பச்சைச் சேலை கட்டிய கறுத்த பெண். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது, ஆனால் யாரென்று பிடிபடவில்லை.

"யாரு மேடம் இவங்க?"

"அன்னிக்கு ஒரு பொண்ணக் காட்டி யாருன்னு கேட்டீங்கல்ல, நான் தெரியாதுன்னு சொன்னேன்" என்றாள் காந்திமதி. "அந்தப் பொண்ணோட அம்மா."

ரிஸ்வானா போனையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.